சனிக்கிழமை மூன்று மணி நாடகத்தின் அக்காவுக்கு

காட்சியைக் காதுக்குக் கொணர்ந்த கலைச்செல்வமே! வெண்திரைக்கென்று விளைந்த கதைகளை வெறும் காற்றில் விதைத்து, வீடுதோறும் விளைவித்த வித்தகமே! ஒலியாலேயே ஊரைக் கட்டி, ஓசையாலேயே ஓடு வேய்ந்து, உள்ளே உயிருள்ள மனிதர்களைக் குடிவைத்த உயர்வே! முப்பத்திரண்டு ஆண்டுகள் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணியை முகம் சுளிக்காமல் சுமந்த முதல்வியே! இந்த 'முகம் சுளிக்காமல்' என்ற சொல்லை நாடகப் பிரிவில் ஒருவர்கூட ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே, முகத்தைச் சுளித்துக்கொண்டே சுமந்த முதல்வியே! எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய அக்கா அவர்களே, வணக்கம்!

இத்துடன் உங்களைப் பார்த்துப் பேசுவதைச் சற்று நிறுத்திக்கொள்கிறோம். காரணம் உங்களுக்கே தெரியும். முன்பொரு முறை புதிதாக வந்த எழுத்தர் ஒருவர், "அண்ணா, நம் தந்தையார் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டனவே!" என்று தம்பி சொல்வதாக வசனம் எழுதிக்கொண்டு வந்தார். நீங்கள் அதைப் படித்துவிட்டு, "ஏம்ப்பா, அப்பா செத்தது அண்ணனுக்குச் சொல்லி அனுப்பலையா?" என்று கேட்டீர்கள். ஒருவருக்குத் தெரிந்ததை அவரிடமே சொல்லும் வசனம் இந்த நிலையத்தில் அன்றோடு ஒழிந்தது. உங்கள் கதை உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் இந்தப் பணிநிறைவு விழா அரங்கில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துச் சொல்லப்போகிறோம். நீங்கள் மாலையை மடியில் வைத்துக்கொண்டு, குறுக்கே பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். மாமாவும் பக்கத்திலேயே இருக்கிறார். அவர் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

அவையோரே! அக்கா இந்த வானொலி நிலையத்தில் பார்த்த வேலை, பழைய அருமையான திரைப்படங்களை வானொலி நாடகங்களாக மாற்றுவது. ஆண்டுக்கு ஒன்றிரண்டை மேடைக்கும் கொண்டுபோவார். சொல்வதற்கு எளிது. படத்தில் பன்னிரண்டு குதிரைகள் பாய்ந்துவரும். எங்களிடம் இருந்தவை இரண்டு மரக்கட்டைகளும் ஒரு மணல் தட்டும். படத்தில் கடல் பொங்கிக் கரையை அடிக்கும். எங்களிடம் ஒரு சல்லடையும் கால் படி பட்டாணியும் இருந்தன. ஒரு மேடை நாடகத்தில் ரயில் வந்தே தீர வேண்டும் என்ற நிலை வந்தபோது, அட்டையில் எஞ்சின் செய்யலாமா, சக்கரம் மட்டும் செய்யலாமா என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். "ரயில எதுக்குக் காட்டணும்? ரயிலப் பாக்குறவங்களக் காட்டுங்க" என்றார் அக்கா. பதினான்கு பேரை வரிசையாக நிறுத்தினார். விசில் ஊதியதும் பதினான்கு தலைகளும் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் ஒரே சீராகத் திரும்பின. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர், எதற்கும் இருக்கட்டும் என்று நீட்டியிருந்த காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. வானொலி நாடகத்தில் கதைசொல்லி வரக்கூடாது. 'அப்போது அவள் கண்கள் குளமாயின' என்று மூன்றாவது ஆள் ஒருவன் நடுவில் வந்து சொல்லிவிட்டால், அப்புறம் அவள் எதற்கு, அவளுக்குச் சம்பளம் எதற்கு என்பது அக்காவின் கட்சி. கதைசொல்லி இல்லாமல் படத்தை எப்படிக் காதால் புரியவைப்பது? அதற்கு அவர் வைத்திருந்த கருவி, மாமா.

அக்காவின் கணவரான மாமாவுக்குச் செருப்புக்கடை. செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. செவ்வாய் பிற்பகல்களில் எங்கள் நிலையத்தின் சின்னப் பார்வையறையில் அக்கா படத்தை ஓடவிடுவார். அவர் திரையைப் பார்த்து உட்காருவார். மாமா திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்காருவார். கதை போகப் போக, "இப்ப என்ன ஆச்சு?" என்று எந்த இடத்தில் மாமா கேட்கிறாரோ, அந்த இடத்தில் அக்கா ஏட்டில் ஒரு கோடு போடுவார். அங்கே ஒரு சொல்லோ ஓசையோ வேண்டும் என்று பொருள். மாமா கேட்காத இடத்தில் எதுவும் வேண்டாம். இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட அரிய படங்களுக்கு முதுகைக் காட்டிய ஒரே மனிதர், நமது மாமாவாகத்தான் இருப்பார்.

இனி நடந்ததைச் சொல்கிறோம். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, விளம்பரப் பிரிவுக்கு இடம் போதவில்லை. நாடகப் பிரிவின் ஸ்டூடியோ மேல் அவர்களுக்கு ஒரு கண். அன்றைய நிலையத் தலைவர் அக்காவைக் கூப்பிட்டு வெளிப்படையாகவே சொன்னார். "பெரியவரோட ஏழு படத்துக்கும் அனுமதி வாங்கிட்டு வாங்க. ஏழு படம் வந்தா ஸ்டூடியோ உங்களுது. இல்லேன்னா அடுத்த மாசம் விளம்பரக்காரங்க நாற்காலியத் தூக்கிட்டு வந்துருவாங்க. என்னால தடுக்க முடியாது."

பெரியவர் என்றால் திரைப்பட இயக்குநர். அப்போது அறுபத்தாறு வயது, ஏழே படங்கள், ஏழும் முத்துக்கள். தன் படங்களை மேடைக்கும் வானொலிக்கும் கேட்டு வந்த அத்தனை பேரையும் வாசலோடு திருப்பி அனுப்பியவர். அக்காவையும் நான்கு முறை திருப்பினார். ஐந்தாம் முறை என்ன நினைத்தாரோ, உள்ளே கூப்பிட்டு ஒரு நிபந்தனை போட்டார்.

"என் முதல் படத்துல அந்தக் காலைச் சாப்பாட்டுக் காட்சி இருக்குல்ல? அது ரேடியோவுல வருதான்னு பாக்குறேன். வந்துச்சுன்னா மத்த ஆறும் உனக்கு. வரலேன்னா அந்த ஒண்ணோட சரி. அப்புறம் என் வாசப்படி மிதிக்கக்கூடாது."

அந்தக் காட்சியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவர். அவருக்கு ஒரே மகள். அவள் தொலைவில் ஒரு வேலையை ஒப்புக்கொண்டுவிடுகிறாள். அப்பாவைக் கேட்கவில்லை. பத்து நாளாக அப்பா பேசவில்லை. பதினோராம் நாள் காலை அவளுக்கு ரயில். கிளம்புமுன் இருவரும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். காமிரா ஜன்னலுக்கு வெளியே, அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. யார் முகமும் சரியாகத் தெரிவதில்லை. ஒரு சொல் இல்லை, ஓர் ஓசை இல்லை. நடுவில் மகளின் தோள் குலுங்குகிறது; அப்பாவின் கை மேசையின் குறுக்கே நீள்கிறது; எதைத் தொடுகிறது என்பதை அவர் முதுகு மறைக்கிறது. அவ்வளவுதான், அடுத்த காட்சியில் ரயில். அந்தக் கை எதற்கு நீண்டது என்று எழுதாத விமர்சகர் கிடையாது. கண்ணீரைத் துடைக்க என்றார் ஒருவர். ஆசி வழங்க என்றார் இன்னொருவர். அடிக்க ஓங்கிய கை என்றும் ஒரு புண்ணியவான் எழுதினார்.

இதைக் காதுக்கு எப்படிக் கொண்டுவருவது? நிலையத் தலைவர் கதைசொல்லியைப் போடச் சொன்னார். "நாலே வரிம்மா. நான் வேணா எழுதித் தரேன்." அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை மாமாவைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்துப் படத்தை ஓட்டினார். அந்தக் காட்சி வந்தது, போனது. மாமா ஒன்றுமே கேட்கவில்லை. அக்காவுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. கேள்வியே வரவில்லை என்றால் அந்த மௌனமே பேசிவிட்டது என்றுதானே பொருள்? முடிவு கட்டிவிட்டார். இருபத்திரண்டு விநாடி முழு அமைதி.

சனிக்கிழமை மூன்று மணி. அக்காலத்தில் நாடகம் நேரடியாகவே ஒலிபரப்பாகும். அந்த இடம் வந்ததும் அக்கா கையை உயர்த்தினார். நடிகர்கள் மூச்சை அடக்கினார்கள். இருபத்திரண்டு விநாடிகள் ஸ்டூடியோவில் ஓர் அணு அசையவில்லை. மகளாக நடித்தவரின் கன்னத்தில் தாரை தாரையாகக் கண்ணீர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எங்கள் ஒலிப்பதிவாளரும் மூக்கை உறிஞ்சினார். அக்கா கையை இறக்கினார், ரயில் கூவியது. நாடகம் முடிந்து எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

ஸ்டூடியோவில் இருப்பவர்களுக்கு ஸ்டூடியோவின் ஓசைதான் கேட்கும். வெளியே போவது கேட்காது. வெளியே போவதற்குப் பொறுப்பு, ஊர்க்கோடியில் ஒலிபரப்புக் கோபுரத்தடியில் தனியே உட்கார்ந்திருக்கும் எங்கள் டவர்க்காரர். அவருக்கு எழுதிக் கொடுத்த விதி ஒன்று உண்டு: மீட்டரில் முள் பதினைந்து விநாடி அசையாமல் கிடந்தால் லைன் அறுந்துவிட்டதாகக் கொண்டு, பக்கத்தில் தயாராக இருக்கும் இசைத்தட்டைப் போட வேண்டும். அக்கா இருபத்திரண்டு விநாடி முள்ளைப் படுக்கப்போட்டார். படுக்கப்போடப் போகிறோம் என்று கோபுரத்துக்கு ஒரு வார்த்தை சொல்ல மறந்துவிட்டார். டவர்க்காரர் பதினைந்து எண்ணினார், தட்டைப் போட்டார்; ரயில் கூவி முள் எழுந்த பிறகுதான் எடுத்தார். கையில் சிக்கியது பேண்டு வாத்தியம். அப்பாவும் மகளும் பேச்சற்று உட்கார்ந்திருந்த அந்தக் காலை வேளையில், ஊரெங்கும் டமடமவென்று ஒரு கல்யாண ஊர்வலம் புறப்பட்டது.

கதவைத் திறந்ததும் தொலைபேசி அலறிக்கொண்டிருந்தது. அக்கா பாய்ந்துபோய் எடுத்தார். டவர்க்காரர் மறுமுனையில், "முள்ளு படுத்துருச்சுங்க அக்கா, நான் என்ன பண்ணட்டும்?" என்று அழாத குறையாகச் சொன்னார். அக்கா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். ஆறு படமும் போயிற்று, ஸ்டூடியோவும் போயிற்று.

திங்கட்கிழமை தபால் வந்தது. பிரித்துப் பார்த்தால் பாராட்டு! 'பக்கத்து வீட்டில் கல்யாண பேண்டு முழங்க, இங்கே ஓர் அப்பனும் மகளும் வாயடைத்து உட்கார்ந்திருக்கிறார்களே, என்ன கற்பனை! படத்திலேயே இது இல்லையே!' என்று இருபத்தேழு கடிதங்கள். நிலையத் தலைவர் கடிதங்களை விசிறிபோல் பிடித்துக்கொண்டு துள்ளி வந்தார். "அப்படியே வெச்சுக்குங்கம்மா! நாமதான் யோசிச்சுப் போட்டோம். யாருக்குத் தெரியப்போகுது? டவர்க்காரர் வாயத் தெறக்க மாட்டாரு."

செவ்வாய்க்கிழமை காலை பெரியவரே நேரில் வந்துவிட்டார். குடையை மடக்கிக் கதவோரம் சாத்திவிட்டு அக்காவின் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். அக்கா வாயைத் திறக்குமுன் நிலையத் தலைவர் முந்திக்கொண்டார். "எப்படி சார் நம்ம பேண்டு? இருபத்தேழு லெட்டர் வந்திருக்கு சார்!"

பெரியவர் அவரைப் பார்க்கவில்லை. அக்காவையே பார்த்தார். "நல்லாத்தான் இருந்துச்சு. எப்படிம்மா தோணுச்சு உனக்கு?"

அங்கே நின்றுகொண்டிருந்த எங்கள் எல்லோருக்கும் ஒரே வேண்டுதல்: ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். அக்கா இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தோணலை ஐயா. அது தப்பு. அங்க நான் வெச்சது அமைதி, இருபத்திரண்டு விநாடி. டவருக்குச் சொல்ல மறந்துட்டேன். லைன் அறுந்துபோச்சுன்னு நெனச்சு அவரு தட்டப் போட்டுட்டாரு. லெட்டர் எழுதுனவங்க பாராட்டுனது என்னை இல்லை."

நிலையத் தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். விளம்பரப் பிரிவின் நாற்காலிகள் மாடிப்படியில் இறங்கும் ஓசை எங்கள் காதில் விழுந்தே விட்டது.

பெரியவர் சட்டென்று சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"நீ மூணே நாள்ல சொல்லிட்டியே அம்மா! நான் இருபத்தெட்டு வருஷமா சொல்லலை."

அவர் சொன்னதை அப்படியே தருகிறோம். அந்தக் காட்சியில் வசனம் இருந்ததாம். பதினான்கு வரி. ஆனால் அந்த ஒரு சுருளின் ஒலிநாடா நனைந்து பாழாகிவிட்டது. மறுபடி எடுக்கலாம் என்றால் அப்பாவாக நடித்தவர் வேறொரு படத்துக்காக மீசையை எடுத்துவிட்டார். வெளியீட்டுக்கு மூன்றே நாள். வேறு வழியில்லாமல் ஓசையில்லாமலே ஓட்டிவிட்டு, இவர் திரையரங்கின் பின்கதவு வழியாக ஓடிவிட்டார். மறுநாள் பத்திரிகையெல்லாம் 'மௌனத்தின் மகுடம்' என்று எழுதின. அன்றிலிருந்து அந்த மௌனத்தைப் பற்றி நாற்பது இடத்தில் சொற்பொழிவு செய்திருக்கிறாராம்.

"அப்ப அந்தக் கை எதுக்கு ஐயா நீளுது?" என்று அக்கா கேட்டார்.

"உப்புக்கு."

"உப்புக்கா?"

"'உப்பத் தள்ளும்மா'ன்னு வசனம். அந்தப் பதினாலு வரியும் சப்புன்னு இருக்கும். நனஞ்சதே நல்லதாப் போச்சு." மறுபடி இருவரும் சிரித்தார்கள். நிலையத் தலைவரும், எதற்கென்று புரியாமலே, சேர்ந்து சிரித்தார்.

குடையை எடுத்துக்கொண்டு எழுந்தவர், வாசலில் நின்று திரும்பினார். "வர்ற சனிக்கிழமை மறுபடி போடு. என் அமைதி வேணாம், அது என்னோடது இல்லை. பேண்டும் வேணாம், அது உன்னோடது இல்லை. அந்த எடத்துல நெசமா என்ன இருந்திருக்கணுமோ, அதக் கண்டுபிடிச்சுப் போடு. நிபந்தனை அப்படியேதான் இருக்கு."

அன்றும் செவ்வாய்க்கிழமை அல்லவா? பிற்பகல் அக்கா மாமாவைப் பிடித்தார். "போன வாரம் இந்த எடத்துல நீங்க ஏன் ஒண்ணும் கேக்கலை?" மாமா திருதிருவென்று விழித்தார். செருப்புக்கடையில் அந்த வாரம் சரக்கு வந்து இறங்கியிருந்தது, முதுகு வலி, சுவரோரம் குளுகுளுவென்று காற்று. "கண்ண மூடிக் கேட்டா நல்லாக் கேக்கும்னு மூடுனேன்" என்றார். மனிதர் தூங்கியிருக்கிறார்! ஒரு நிலையத்தின் ஸ்டூடியோவும், ஒரு மேதையின் ஆறு படங்களும், ஒரு செருப்புக்கடைக்காரரின் பிற்பகல் தூக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன என்பது அன்றுதான் தெரிந்தது. அக்கா அன்று மாமாவிடம் பேசியதை இந்த மடலில் எழுதுவதற்கில்லை. இதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்போகிறோமே.

மறுபடி ஓட்டினார். இந்த முறை மாமா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். காட்சி வந்தது. உடனே கேட்டார், "அப்பா இன்னும் கோவமாத்தான் இருக்காரா?"

அக்கா ஏட்டில் கோடு போடவில்லை. அந்தக் கேள்வியையே எழுதிக்கொண்டார். 'இப்ப என்ன ஆச்சு' என்று எப்போதும் கேட்கிற மனிதர், முதல்முறையாக 'அப்பா எப்படி இருக்கார்' என்று கேட்டிருந்தார். அதற்குப் பதில் சொல்லும் ஓசை ஒன்று வேண்டும். பதினைந்து விநாடிக்குள் முள்ளும் அசைய வேண்டும். டவர்க்காரர் அதில் கண்டிப்பாக இருந்தார். "ஒரு இருமல் இருமுனாக்கூடப் போதும் அக்கா, நான் கையக் கட்டிக்கிட்டு உக்காந்துருவேன்" என்றார்.

இருமல்! அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். ரயிலுக்கு நேரமாகிறது, மகள் அவசர அவசரமாகச் சாப்பிடுகிறாள், புரையேறுகிறது. தோள் குலுங்குகிறது அல்லவா? அது அழுகை இல்லை, புரையேறல். பத்து நாளாகப் பேசாத அப்பா என்ன செய்வார்? பேசமாட்டார். நாற்காலியை மேசையோரம் நகர்த்துவார். கையை நீட்டி அவள் டம்ளரை எடுப்பார். தண்ணீர் ஊற்றுவார். டம்ளரை மேசைமேல் அவள் பக்கம் நகர்த்துவார். அவ்வளவுதான். ஒரு சொல் வேண்டாம், கதைசொல்லி வேண்டாம்.

ஒத்திகையில் தண்ணீரை எங்கள் ஓசைக்காரர் ஊற்றினார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மாமா உதட்டைப் பிதுக்கினார். "இது ஹோட்டல்ல ஊத்துற மாதிரி இருக்கு." மறுபடி ஊற்றினார். "இது செடிக்கு ஊத்துறாரு." பதினோரு முறை ஊற்றினார். (இந்த மடலை எழுதுபவர் அந்த ஓசைக்காரரே என்பதால் இந்தப் பகுதி சுருக்கப்பட்டுள்ளது.) கடைசியில் அக்கா, "தள்ளுங்க" என்று கூஜாவை வாங்கிக்கொண்டார். முதலில் வேகமாக ஊற்றினார். பாதியில் ஒரு கணம் நிறுத்தினார். அப்புறம் மெதுவாக, விளிம்பு வரைக்கும். மாமா சுவரைப் பார்த்தபடியே சொன்னார், "கோவம் போயிருச்சு."

அந்தச் சனிக்கிழமை ஒலிபரப்பில் கூஜாவைப் பிடித்தது அக்காவின் கைதான். முள் அசைந்தது, டவர்க்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாடகம் முடிந்து ஐந்து நிமிடத்தில் தொலைபேசி அடித்தது. பெரியவர் பாராட்டு எதுவும் சொல்லவில்லை. "மத்த ஆறையும் எப்ப ஆரம்பிக்கிற?" என்று மட்டும் கேட்டார். ஸ்டூடியோ பிழைத்தது. விளம்பரப் பிரிவுக்கு மொட்டைமாடியில் கொட்டகை போட்டார்கள். அவர்கள் இன்றுவரை எங்களோடு சுமுகமாகப் பேசுவதில்லை.

அதற்குப் பிறகு அக்கா எத்தனையோ செய்தார். இங்கு எல்லாவற்றையும் அடுக்கினால் விழா முடியாது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எங்களுக்கே பொறுக்காது. அது அக்காவுக்கும் பெரியவருக்கும் மட்டும் தெரிந்த செய்தியாக ஒரு வருடம் இருந்தது. போன மாதம் குட்டு உடைந்துவிட்டது.

பெரியவரின் முதல் படத்துக்கு இது ஐம்பதாம் ஆண்டு. கீறலும் தூசியும் நீக்கிப் புதுப்பித்துத் திரையிடுகிறார்கள். எங்கள் டவர்க்காரர் மனைவியோடு போயிருந்தார். காலைச் சாப்பாட்டுக் காட்சி வந்தது. மகளின் தோள் குலுங்கியது, இருமல் கேட்டது. நாற்காலி நகர்ந்தது. அப்பாவின் கை நீண்டது. தண்ணீர் ஊற்றும் ஓசை! வேகமாக ஆரம்பித்து, பாதியில் நின்று, அப்புறம் மெதுவாக. கூஜாவின் கழுத்தில் ஒரு வளையல் லேசாக இடிக்கும் ஓசைகூடச் சேர்ந்தே வந்தது. டவர்க்காரர் இருக்கையை விட்டுத் துள்ளி எழுந்து, "நம்ம அக்கா வளையல்!" என்று கத்திவிட்டார். கடிகாரம் பழுதுபார்க்கும் அப்பாவுக்கு வளையல் ஏது? டவர்க்காரரின் மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

மறுநாள் நாங்கள் கூட்டமாகப் போய் அக்காவை மறித்தோம். "படம் பாக்கப் போனா படத்தப் பாக்கணும். வளையல எதுக்குக் கேட்டீங்க?" என்று எரிந்து விழுந்தார். கிண்டிக் கிளறியதில்தான் விஷயம் வந்தது. எண்பத்தேழு வயதில் பெரியவர் போன ஆண்டு அக்காவின் வீடு தேடி வந்து, அந்தச் சனிக்கிழமை ஒலிபரப்பைப் பதிவுசெய்து அக்கா வைத்திருந்த ஒலிநாடாவைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். படத்தின் தொடக்கத்தில் அக்காவின் பெயரைப் போடுகிறேன் என்று மன்றாடியிருக்கிறார். அக்கா ஒரேயடியாக மறுத்துவிட்டார். "தண்ணி ஊத்துனதுக்கெல்லாமா ஐயா பேரு போடுவாங்க?"

அவையோரே, நீங்களே நியாயம் சொல்லுங்கள். தனக்குச் சேராத புகழை, ஸ்டூடியோவே போனாலும் சரி என்று, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தவர் இவர். தனக்கே சேர வேண்டிய புகழை ஒரு வருடமாக வீட்டில் பூட்டி வைத்திருந்தவரும் இவரே. முதலாவதற்காக இவரை நாங்கள் மதிக்கிறோம். இரண்டாவதற்காக இவர்மேல் எங்களுக்குக் கோபம். அந்தக் கோபத்தோடுதான் போன ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் காட்சிக்கு, அக்காவுக்குத் தெரியாமல், நாடகப் பிரிவும் ஒலிப்பதிவும் கோபுரமும் கணக்கரும் வாயிற்காவலருமாக முப்பத்தொரு பேர் போய் இரண்டு வரிசையை நிரப்பினோம்.

காட்சி வந்தது. தண்ணீர் ஊற்றத் தொடங்கியதும் நாங்கள் முப்பத்தொரு பேரும் எழுந்து நின்று கைதட்டினோம். எங்களுக்கு முன்னால் தன் மகளோடு உட்கார்ந்திருந்த ஒருவர், யாரோ எவரோ, ஆத்திரமாகத் திரும்பினார். "ஏங்க, எவ்வளவு அருமையான எடம்! இதுல கைதட்ட என்ன இருக்கு? தண்ணிதானே ஊத்துறாரு அப்பா?"

அந்தக் கை எதற்கு நீண்டது என்பது ஐம்பது ஆண்டுகளாக யாருக்கும் தெரியாதிருந்தது, அக்கா. அடிக்கவா, ஆசி வழங்கவா என்று அறிஞர்கள் அடித்துக்கொண்டார்கள். அந்த மனிதருக்கு அதில் சந்தேகமே இல்லை.

அவ்வளவுதான், மறுபடி உங்களைப் பார்த்தே பேசுகிறோம். காற்றில் எழுதியும் கரையாதவரே! பிறர் படைத்ததைப் பேணி, பெயரின்றிப் பெருக்கி, பெற்றவரிடமே திருப்பித் தந்த பெருந்தகையே! நாளை முதல் உங்கள் சனிக்கிழமைகள் உங்களுக்கே சொந்தம். உடல் நலமும் உள்ளக் களிப்பும் குறையாமல், மாமாவோடு நெடுங்காலம் நிறைவாக வாழ்க! இனி நீங்கள் இருவரும் படம் பார்க்கப் போகும்போது அவரும் திரையைப் பார்த்தே உட்காரட்டும் என்று, நாடகப் பிரிவின் சார்பில் மனமுவந்து அனுமதி வழங்குகிறோம்.

கண்ணும் கையும் நிறைய அன்புடன்,
நாடகப் பிரிவு, ஒலிப்பதிவுப் பிரிவு, ஒலிபரப்புக் கோபுரம் மற்றும் நிலையத்தின் அனைத்துப் பணியாளர்கள்
(விளம்பரப் பிரிவினரும் கையொப்பமிட்டுள்ளனர்)